எட்டும் ஒன்பதும் இல்லாத எண்

எல்ஷிங்கனில் கிளம்பும்போது
யாரிடமும் எதையும் கேட்கவில்லை.
வயலை ஒட்டிய ரன்வே, ஒரு காற்றுப் பை.
கோபுரத்து ஆள் காப்பிக் கோப்பையை உயர்த்திக் காட்டினார்,
அவ்வளவுதான் வழியனுப்பு.

இப்போது ஐயாயிரம் அடியில் கேட்கிறேன்.

தலைக்கு மேல் ஆயிரம் அடியில்
சாம்பல் நிறக் கூரை.
வடக்கே அந்தக் கூரை சரிந்துபோய்
ஹோஹென்லோஹே மேடுகளின் மேல் குந்திவிட்டது.
கண்ணை நம்பிப் பறக்கிறவளுக்கு
இன்னும் பத்து மைல்தான் நாடு.
அதற்குப் பிறகு கருவிகளின் தேசம்.
உள்ளே நுழைய ஒரு வாக்கியம் வேண்டும்,
அது என்னிடம் இல்லை.

லாங்கன் ராடாரை அழைத்தேன்.
யார் நான், எங்கே நிற்கிறேன் (நிற்கிறேனா!),
எங்கே போகிறேன், என்ன வேண்டும்:
நான்கும் ஒரே மூச்சில்.
"ஸ்டாண்ட்பை" என்றது ஒரு பெண்குரல்.
சளி பிடித்த குரல்.

பக்கத்து இருக்கையில் சுதர்மன் அத்தான்.
ஹைடன்ஹைமில் கார் கராஜ் வைத்திருப்பவர்,
காஸலில் மலிவாக வந்த லிஃப்ட் ஒன்றைப் பார்க்கப் போகிறார்.
"என்ன, தரமாட்டினமாமோ?"
தருவார்கள் அத்தான், வேலையாக இருக்கிறாள்.
"மேலயும் நம்பர் எடுத்துப்போட்டு இருக்கவேணும் போல."

ஓடிக்கொண்டே காத்திருக்கிறோம்.
நிமிடத்துக்கு இரண்டு மைல்.
அலுவலக வரிசையில் நிற்பவனின் காலடியில்
தரை பின்னுக்கு இழுபடாது.
எனக்கு இழுபடுகிறது:
சூரியத் தகடுகள் விதைத்த ஒரு சரிவு,
ஒரு தேவாலயக் கூம்பு,
ஒரே பக்கம் பார்த்துச் சுழலும் ஏழு காற்றாலைகள்.
அவள் வேறு யாருடனோ பேசுகிறாள்,
ஸ்டுட்கார்ட்டில் இறங்கப்போகும் பெரிய விமானம்,
நூற்றெண்பது பேராவது இருப்பார்கள். நியாயம்தான்.
என்னிடம் இருப்பது இரண்டு பேர்,
அதில் ஒருவர் மிக்சர் சாப்பிடுகிறார்.

மறுபடி கேட்டேன். மறுபடி ஸ்டாண்ட்பை.

நான்கு மைல்.
திரும்புவதற்கான திசையை மனதில் குறித்துவைத்தேன்.
பெட்ரோல் இருக்கிறது. மானம் போகாது.
அத்தானின் லிஃப்ட்தான் போகும்.

அப்போது என் பெயரை அழைத்தாள்,
விமானத்தின் வாலில் எழுதிய பெயரை.
ஸ்குவாக் என்றாள். நான்கு, ஆறு, இரண்டு, ஒன்று.
எட்டும் ஒன்பதும் இல்லாத கணக்கு இது,
ஏழோடு இலக்கங்கள் தீர்ந்துவிடும்.
அத்தான் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்,
யாரும் கேட்காமலே, பழக்கத்தில்.

அடையாளம் கண்டேன் என்றாள். பிறகு வாக்கியம் வந்தது:
காஸல் வரை அனுமதி, நிர்வோ வழியாக,
எட்டாயிரத்துக்கு ஏறலாம்,
கருவிப் பறப்பு தொடங்குவது பத்து ஐம்பத்திரண்டுக்கு.

நிர்வோ என்று ஊர் கிடையாது.
வரைபடத்தில் ஒரு முக்கோணம்,
வாய்க்கு இடறாதபடி பொறுக்கிய ஐந்தெழுத்து, பொருளில்லை.
பொருள் உள்ள ஐந்தெழுத்து ஒன்று எனக்குத் தெரியும்,
முகில் மூக்கைத் தொடும்போது அதுதான் நாக்கில் வரும்.
ரேடியோவில் சொன்னால் திருத்துவாள்.

அவள் வைத்த வரிசையிலேயே
முழுவதையும் திருப்பிச் சொன்னேன்.
பதினொரு வருடமாகியும் எனக்குப் பழகாத சட்டம் இது:
அவள் கொடுத்தது என் வாயால் திரும்பிப் போய்ச் சேரும்வரை
அனுமதி அல்ல, வெறும் பேச்சு.
முத்திரை இல்லை. தாள் இல்லை.
இருமலுக்கு நடுவே "சரி" என்றாள்.

ஐம்பத்திரண்டு.
மூக்கை உயர்த்தினேன்.
கொஞ்ச நேரத்தில் மேடுகள் போயின, இறக்கை நுனி போனது,
கண்ணாடி முழுக்கக் கஞ்சி.
அத்தான் மிக்சர் பையை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.
"இப்ப எங்கை நிக்கிறம்?"
ஊசியைக் காட்டினேன். நம்பவில்லை.

அடுத்த அலைவரிசைக்குப் போகச் சொல்லிவிட்டு
"ச்சூஸ்" என்றாள், இதை மட்டும் ஜெர்மனில்.
சளிக்கு ஏதாவது குடி என்று சொல்ல
அந்த உரையாடலில் இடம் எங்கும் இல்லை.
நானும் ச்சூஸ் என்றேன்.

அத்தான் கையை விரித்துப் பார்த்தார்,
வியர்வையில் ஆறு பூச்சியமாகியிருந்தது.
புதிய குரல், ஓர் ஆண், அவசரக்காரன்,
வணக்கத்தோடு வேறு நான்கு இலக்கங்கள் தந்தான்.
அத்தான் மற்றக் கையை விரித்தார்.